பாஸ்வேர்டு சரி, டெஸ்க்டாப் வரவில்லை: அதற்கெல்லாம் ஃபார்மேட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் கணினி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: உபுண்டுவில் (லினக்ஸின் ஒரு வகை) பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், திரை ஒரு நொடி கறுப்பாகிறது, அப்புறம் மறுபடியும் அதே லாகின் திரையில் வந்து நிற்கிறது, என்ன செய்வது என்று. அதற்கு வந்த பதில், சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கும், ஃபார்மேட் செய்து புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுங்கள் என்பது. அவ்வளவுதான், இரண்டே வரி. அதை நம்பி அந்த மனிதர் பிள்ளைகளின் போட்டோவையும் கணக்கு வழக்குகளையும் அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் யார் பொறுப்பு? ஒரு கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. இதே புகார் செமஸ்டர் தவறாமல் வரும். ஃபார்மேட் வரைக்கும் போகவேண்டிய அவசியம் அநேகமாக வந்ததே இல்லை.

அந்த வாசகர் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பாஸ்வேர்டு தவறு என்றால் திரை கறுப்பாகாது, அந்தப் பெட்டிக்குக் கீழேயே தவறு என்று சொல்லி மறுபடி கேட்கும். கறுப்பாகி விட்டுத் திரும்பி வருகிறது என்றால் பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது, உங்கள் செஷன், அதாவது லாகினிலிருந்து லாக்அவுட் வரைக்குமான அமர்வு, தொடங்கியும் விட்டது, தொடங்கிய வேகத்தில் செத்துவிட்டது என்று பொருள். லாகின் திரையை நடத்துகிற புரோகிராமுக்கு டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். தான் தொடங்கிவிட்ட செஷன் முடிந்தால் அடுத்த ஆளுக்காக லாகின் திரையைக் காட்டுவதுதான் அதன் வேலை. நீங்கள் வேலையை முடித்து லாக்அவுட் செய்தீர்களா, இல்லை உள்ளே ஏதோ விழுந்து செஷன் போய்விட்டதா என்றெல்லாம் அது பெரும்பாலும் ஆராய்வதில்லை. அதனால்தான் ஒரு எரர் செய்திகூட இல்லாமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது.

இதை எழுதிவிட்டு, எந்த ஃபைலை அழிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் எண்டர் தட்டியதற்கும் டெஸ்க்டாப் வருவதற்கும் நடுவில் யார் யாரிடம் வேலை கைமாறுகிறது என்று தெரிந்தால் எங்கே அறுந்தது என்று நீங்களே தேடிவிடலாம், அடுத்த முறை என்னையோ உங்கள் கேள்வி-பதில் பகுதியையோ கேட்க வேண்டியதில்லை.

மெஷின் பூட் ஆகி முடிகிற நேரத்தில், பின்னணியில் ஓடுகிற சர்வீஸ்களை நடத்துகிற சிஸ்டம்டி, டிஸ்ப்ளே-மேனேஜர் என்ற பெயரில் இருக்கிற சர்வீஸைத் தொடங்குகிறது. அந்தப் பெயர் ஒரு சுட்டிதான். உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் அதன் பின்னால் இருப்பது க்னோம் என்ற டெஸ்க்டாப்பை எழுதுகிற ஆட்களின் ஜிடிஎம், லினக்ஸ் மின்ட்டில் லைட்டிஎம், கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பைப் போட்டிருந்தால் பெரும்பாலும் எஸ்டிடிஎம். இந்த வகைக்கெல்லாம் மூத்தது எக்ஸ்டிஎம், 1988-ல், திரையை வரைகிற எக்ஸ் என்ற ஏற்பாட்டின் 11-ஆவது பதிப்பில், மூன்றாவது வெளியீட்டோடு வந்தது. அந்தக் காலத்தில் டிஸ்க்கே இல்லாத எக்ஸ் டெர்மினல்களை மேசைக்கு மேசை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் வேறொரு அறையில் இருக்கிற பெரிய மெஷினோடு இணைப்பார்கள். அந்த டெர்மினல்களில் எல்லாம் பெயர், பாஸ்வேர்டு கேட்க ஒரு ஆள் வேண்டும், அதற்காக வந்த புரோகிராம் அது. உபுண்டு மட்டும் இதில் கட்சி மாறிக்கொண்டே இருந்தது: முதலில் ஜிடிஎம், 2011 அக்டோபரில் வந்த 11.10 பதிப்பில் லைட்டிஎம், 17.10-ல் யூனிட்டி என்ற தன் டெஸ்க்டாப்பை விட்டு க்னோமுக்குத் திரும்பியபோது மறுபடி ஜிடிஎம். இணையத்தில் ஒரு பதிப்பு உபுண்டுவுக்குச் சொன்ன வைத்தியம் இன்னொரு பதிப்புக்குப் பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

நீங்கள் பார்க்கிற அந்தத் திரை, பெயர்ப் பட்டியல், பாஸ்வேர்டு பெட்டி, இதற்குக் கிரீட்டர் என்று பெயர். இதற்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது. லைட்டிஎம் என்றால் லைட்டிஎம் என்றே ஒரு தனி யூசர் கணக்கில் அது ஓடுகிறது, நீங்கள் தட்டியதை வாங்கிப் பின்னால் ரூட், அதாவது நிர்வாகி உரிமையோடு ஓடுகிற பகுதியிடம் கொடுப்பதோடு சரி. கல்யாண மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டு நீட்டுகிறவரைப் போலத்தான், பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனதற்கு அவரைப் பிடித்து உலுக்கிப் பயனில்லை. லாகின் சுற்றிச் சுற்றி வருகிறது என்றதும் டிஸ்ப்ளே மேனேஜரையே அழித்து வேறொன்றை இன்ஸ்டால் செய்கிறவர்கள் செய்வது அதைத்தான்.

பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதும் டிஸ்ப்ளே மேனேஜர் இல்லை. பாம் என்ற ஏற்பாடு. ஈடிசி ஃபோல்டருக்குள் பாம் டாட் டி என்ற ஃபோல்டரில் ஜிடிஎம்முக்கு, லைட்டிஎம்முக்கு, தூரத்திலிருந்து நுழைகிற எஸ்எஸ்ஹெச்சுக்கு, ரூட் உரிமையில் கமாண்ட் ஓட்டுகிற சூடோவுக்கு என்று தனித்தனிப் பட்டியல் ஃபைல்கள் இருக்கும். பாஸ்வேர்டு கேட்பதா, விரல் ரேகை கேட்பதா, கணக்கு காலாவதியாகி இருக்கிறதா என்று பார்ப்பதா, எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிற மாட்யூல்களின் முடிவு. சரிபார்த்த பிறகும் பாமின் வேலை முடிவதில்லை, செஷன் என்ற பிரிவு ஒன்று இருக்கிறது. அதில் வருகிற ஒரு மாட்யூல் சிஸ்டம்டியின் லாகின்டியிடம் போய், இந்த ஆள் இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று பதிவு செய்கிறது. உடனே லாகின்டி ரன் ஃபோல்டரில் யூசர் என்பதற்குள் உங்கள் யூசர் எண்ணில், பெரும்பாலான வீட்டு மெஷின்களில் 1000, ஒரு ஃபோல்டர் உருவாக்கித் தருகிறது. அது மெமரியில் மட்டும் இருப்பது, கடைசி லாக்அவுட்டோடு போய்விடும். சவுண்டு, கேமரா போன்ற டிவைஸ்களைத் தொடுகிற உரிமையும் இந்தப் பதிவை வைத்துத்தான் கிடைக்கிறது. எங்கோ இருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தவர் உங்கள் வெப்கேமை இயக்க முடியாது, திரைக்கு முன்னால் இருக்கிற நீங்கள் இயக்கலாம் என்கிற வித்தியாசம் இங்கே வருகிறது.

இதற்கு அப்புறம்தான் எந்த டெஸ்க்டாப் என்ற கேள்வியே. உபுண்டு லாகின் திரையில் பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு கீழே வலது மூலையில் ஒரு பல்சக்கரம் வரும், அதை அழுத்தினால் ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும், இரண்டு ஃபோல்டர்கள், அவ்வளவுதான். யூஎஸ்ஆர், ஷேர் என்று உள்ளே போனால் எக்ஸ்செஷன்ஸ் என்று ஒன்று, எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்டுக்கு வேலாண்ட்-செஷன்ஸ் என்று ஒன்று. உள்ளே டாட் டெஸ்க்டாப் என்று முடிகிற சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள். ஒன்றைத் திறந்தால் நேம் என்று ஒரு வரி, பட்டியலில் தெரியவேண்டிய பெயர். எக்ஸெக் என்று ஒரு வரி, ஓட்டவேண்டிய கமாண்ட். டிரைஎக்ஸெக் என்று இன்னொரு வரி இருக்கலாம், அந்த புரோகிராம் மெஷினில் இல்லாவிட்டால் பட்டியலிலேயே காட்டாதே என்பதற்காக. எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பை இன்ஸ்டால் செய்தால் அடுத்த லாகினில் பட்டியலில் எக்ஸ்எஃப்சிஇ வந்து நிற்பது ஏதோ மாயம் இல்லை, அந்தப் பேக்கேஜ் ஒரு ஃபைலை அங்கே போட்டிருக்கிறது. டிஸ்ப்ளே மேனேஜருக்கு க்னோம் என்றால் என்ன, எக்ஸ்எஃப்சிஇ என்றால் என்ன என்றெல்லாம் தெரியவேண்டியதே இல்லை, எக்ஸெக் வரியில் இருக்கிறதை உங்கள் பெயரில் ஓட்டிவிடும். அங்கே டெஸ்க்டாப்புக்குப் பதில், ஃபயர்ஃபாக்ஸை முழுத்திரையில் மட்டும் திறக்கிற ஒரு ஸ்கிரிப்டை எழுதி வைத்தால் அதுதான் உங்கள் செஷன். நூலகங்களில் புத்தகம் தேட மட்டும் என்று வைக்கிற மெஷினை இப்படியும் செய்துவிடலாம், செலவே இல்லை.

எக்ஸெக் வரியை நேரடியாக ஓட்டுவதும் இல்லை, நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது, என் அனுபவத்தில் மாணவர்கள் விழுகிற குழி இதுதான். எக்ஸ்செஷன் என்ற ஸ்கிரிப்ட் வழியாகவோ லாகின் ஷெல் (கமாண்டுகளை வாங்கி ஓட்டுகிற புரோகிராம்) வழியாகவோ போகும்போது உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கிற டாட் புரொஃபைல் (.profile), சில மெஷின்களில் டாட் எக்ஸ்புரொஃபைல், இவையெல்லாம் படிக்கப்படுகின்றன. ஜாவா இன்ஸ்டால் செய்வது எப்படி என்று எங்கேயோ பார்த்துவிட்டு ஒரு பையன் டாட் புரொஃபைலின் கடைசியில் பாத் வரியை, அதாவது கமாண்டுகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடவேண்டும் என்கிற வரியை, சேர்ப்பான். பழைய பாத்தையும் கூட ஒட்டவேண்டும், அந்த டாலர் போட்ட பகுதியை விட்டுவிட்டு ஜாவா ஃபோல்டரை மட்டும் எழுதிவிடுவான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த ஃபைல் அடுத்த லாகினில்தான் படிக்கப்படும். மறுநாள் காலையில் பாஸ்வேர்டு போட்டால் டெஸ்க்டாப்பைத் தொடங்குகிற க்னோம்-செஷன் எங்கே இருக்கிறது என்றே ஷெல்லுக்குத் தெரியாது, கறுப்புத் திரை, திரும்பவும் லாகின். நேற்று நன்றாகத்தான் ஷட்டவுன் செய்தேன் சார் என்பான், பொய்யும் இல்லை. அதே ஃபைலில் எக்ஸிட் என்று ஒரு வரியை வைத்தாலும் இதே கதிதான், படிக்கிற ஷெல் அங்கேயே முடிந்துவிடும். இதே தப்பை டாட் பேஷ்ஆர்சியில் செய்திருந்தால் டெர்மினலுக்குள் மட்டும்தான் தொல்லை, டெஸ்க்டாப் தப்பித்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். லாகின் திரையில் இருந்தபடியே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும், அதில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையுங்கள். இங்கேயும் டாட் புரொஃபைல் படிக்கப்படுகிறது, ஆகவே ஃபைல் பட்டியல் காட்டுகிற எல்எஸ் (ls) என்று தட்டி, அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று பதில் வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். நானோ எடிட்டரை அதன் முழு முகவரியோடு, அதாவது யூஎஸ்ஆர், பின் என்று முன்னால் சேர்த்துக் கூப்பிட்டு, அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு வாருங்கள். லாகின் திரைக்குத் திரும்ப ஜிடிஎம் என்றால் எஃப்1, லைட்டிஎம் என்றால் பெரும்பாலும் எஃப்7.

எல்எஸ் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அடுத்து டிஎஃப் -ஹெச் (df -h) தட்டி டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள். நூறு சதவீதம் நிரம்பிப்போன ஹோம் ஃபோல்டரோடு எந்த டெஸ்க்டாப்பும் ஒழுங்காகத் தொடங்காது, தொடங்கும்போதே எழுதவேண்டிய சின்ன ஃபைல்கள் எத்தனையோ இருக்கின்றன. டவுன்லோட்ஸில் கிடக்கிற பழைய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்க்கின் நகல்) ஒன்றை அழித்தாலே சரியாகிவிடுகிற கேஸ் நிறைய.

மூன்றாவது, ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்பது. எக்ஸ் சர்வரோடு பேச ஒவ்வொரு புரோகிராமும் ஒரு ரகசிய எண்ணைக் காட்டவேண்டும், எம்ஐடி மேஜிக் குக்கி என்று அதற்குப் பெயர், 128 பிட் நீளம். லைட்டிஎம் இதை உங்கள் ஹோமில் டாட் எக்ஸ்அதாரிட்டி என்ற ஃபைலில் எழுதும். யாராவது சூடோ போட்டு, எக்ஸைத் தொடங்குகிற ஸ்டார்ட்எக்ஸ் கமாண்டைக் கொடுத்தாலோ, டெஸ்க்டாப் புரோகிராம் ஒன்றைச் சூடோவில் திறந்தாலோ அந்த ஃபைல் ரூட் பெயருக்குப் போய்விட வாய்ப்பு உண்டு, அப்புறம் உங்கள் செஷனால் அதைத் தொட முடியாது. எல்எஸ் -எல்ஏ (ls -la) கொடுத்துப் பாருங்கள், உங்கள் ஹோமில் இரண்டு புள்ளி (..) மட்டும் இருக்கிற வரியைத் தவிர, உரிமையாளர் இடத்தில் ரூட் என்று தெரிகிற ஃபைல் ஏதாவது இருந்தால் சௌன் (chown) கமாண்டால் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். டாட் எக்ஸ்அதாரிட்டியைப் பொறுத்தவரை பெயரை மாற்றி ஓரமாக வைத்தாலே போதும், அடுத்த லாகினில் புதிதாக எழுதிக்கொள்ளும். உபுண்டுவின் ஜிடிஎம் இந்தக் குக்கியை ஹோமில் வைப்பதில்லை, நான் மேலே சொன்ன ரன், யூசர் ஃபோல்டரில் வைக்கிறது. அதனால் உங்கள் வாசகருக்கு இது பொருந்தாமல் போகலாம், ஆனால் டாட் கான்ஃபிக் ஃபோல்டரோ டாட் கேஷ் ஃபோல்டரோ ரூட் பெயரில் இருந்து அவருக்கும் இதே தொல்லை வரலாம், ஒரு தடவை பார்த்துவிடட்டும்.

இது எதுவும் இல்லை என்றால், அதே எழுத்துத் திரையில் சூடோ ஆட்யூசர் (sudo adduser) கொடுத்துப் புதிதாக ஒரு யூசரை உருவாக்கி அந்தப் பெயரில் லாகின் செய்து பாருங்கள். புது யூசருக்கு டெஸ்க்டாப் வருகிறதா? அப்படியானால் சிஸ்டம் ஃபைல் எதுவும் கெடவில்லை, கோளாறு பழைய ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறது. வரவில்லையா, அப்போதுதான் கிராஃபிக்ஸ் டிரைவர், பாதியில் நின்றுபோன அப்டேட், இந்தப் பக்கம் போகவேண்டும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாறியதும் டிரைவர் பொருந்தாமல் போவது பழைய கதை. ஜர்னல்சிடிஎல் -பி (journalctl -b) என்று கொடுத்தால் இந்த பூட்டில் நடந்த எல்லாமே வரிசையாக இருக்கும், எக்ஸ் செஷன் என்றால் ஹோமில் டாட் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற ஃபைலும் இருக்கலாம், கடைசிப் பத்து வரிகளைப் படித்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். உங்கள் பகுதியில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இந்தப் புது யூசர் சோதனையைத்தான்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டும், இது நம் ஆட்களுக்கே உரிய தொல்லை. தமிழ் கீபோர்டு லேஅவுட்டைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் சில மெஷின்களில் லாகின் திரையிலும் அது வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை. புள்ளி புள்ளியாகத்தானே தெரிகிறது, உள்ளே போவது தமிழ் எழுத்து, பாஸ்வேர்டு தவறு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். திரையின் ஓரத்தில் மொழிக் குறியீடு தெரியும், ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டினால் திறந்துவிடும். இதற்காக மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸ் வகையும் போட்டுக் கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் எத்தனையோ பிள்ளைகள் லினக்ஸ் லாகின் திரையை முதலில் பார்த்தது அதில்தான், பார்த்த கையோடு விண்டோஸுக்குத் திரும்பிப் போனதும் அதில்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருந்தால் பாதிப் பேராவது அங்கேயே நின்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பல்சக்கரத்தில் உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க் என்ற எக்ஸ் செஷனைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள் என்றும் பழைய பதில் ஒன்றில் போட்டிருந்தீர்கள். ஒரு காலத்தில் அது நல்ல யோசனைதான். எக்ஸில் திரையை வரைகிற சர்வர் தனி, ஜன்னல்களை அடுக்குகிற க்னோம் ஷெல் தனி, ஷெல் விழுந்தாலும் சர்வர் நிற்கும், திறந்து வைத்த புரோகிராம்களும் பிழைக்கும். வேலாண்டில் இரண்டும் ஒன்று, க்னோம் ஷெல் விழுந்தால் செஷனே போய்விடும், நீங்கள் லாகின் திரையில் நிற்பீர்கள். அதனால் வேலாண்ட் படுத்தினால் எக்ஸுக்கு ஓடுவது எல்லோருக்கும் பழக்கம். ஃபெடோரா 2016-ல், 25-ஆவது பதிப்பிலேயே வேலாண்டை முதல் தேர்வாக்கிவிட்டது, உபுண்டு 17.10-ல் ஒருமுறை முயன்று பார்த்துப் பின்வாங்கி, 21.04-ல் திரும்ப வந்தது. இப்போது 25.10-ல் க்னோமின் எக்ஸ் செஷனையே எடுத்துவிட்டார்கள், பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது. புதிய பதிப்பு வைத்திருக்கிற வாசகர் உங்கள் பதிலைப் படித்துவிட்டு இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். எனக்கு எக்ஸ் மேல் தனிப் பாசம் உண்டு, போகட்டும், அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள், ஃபார்மேட் செய்யவேண்டாம் என்ற முதல் வரி மட்டுமாவது வரட்டும். முடிந்தால் அதே பக்கத்தில் இருந்த இன்னொரு கேள்விக்கும். பாஸ்வேர்டு கேட்காமல் தானாக லாகின் ஆகும்படி வைத்தேன், ஆனால் குரோம் திறக்கும்போதெல்லாம் கீரிங்கைத் திற என்று பாஸ்வேர்டு கேட்கிறது, வைரஸா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார், ஆன்டிவைரஸ் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். வைரஸ் இல்லை. கீரிங் என்பது சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற பெட்டி. சாதாரணமாக லாகின் செய்யும்போது நீங்கள் தட்டுகிற பாஸ்வேர்டையே பாம் வழியாக வாங்கிக்கொண்டு கீரிங்கும் ஓசைப்படாமல் திறந்துகொள்கிறது. தானாக லாகின் ஆகும்போது யாரும் எதையும் தட்டுவதில்லை, திறக்கப் பாஸ்வேர்டு இல்லை, அதனால் முதலில் தேவைப்படுகிற புரோகிராம் வந்து கேட்கிறது. விரல் ரேகை வைத்து நுழைந்தாலும் இப்படித்தான். கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக வைத்துவிட்டால் கேட்காது என்று நிறையப் பேர் சொல்லிக்கொடுப்பார்கள், உண்மைதான், ஆனால் உள்ளே இருக்கிற ரகசியமெல்லாம் பூட்டு இல்லாமல் டிஸ்க்கில் கிடக்கும். வீட்டை விட்டு நகராத டெஸ்க்டாப் என்றால் அவர் இஷ்டம். லேப்டாப் என்றால் தானியங்கி லாகினை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாஸ்வேர்டு தட்டுவதே மேல் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆய்வக உதவியாளர்,
விருதுநகர் மாவட்டம்